சோற்றுப் பசை

காலையில் காப்பிக்கு முன்னால் விரலை வலுமானியில் வைப்பது எங்கள் மேட்டுநகரில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். பச்சை எரிந்தால் வேலைக்குப் போகலாம். மஞ்சள் என்றால் வீட்டில் உட்கார வேண்டும். பூங்கோதை அக்காவுக்குச் சில மாதங்களாகச் சிவப்பு.

"நல்லாத்தான் எரியுது. கோயில் கொடைக்கு விளக்காக் கட்டலாம்" என்றாள் படுத்தபடியே.

முந்தைய தலைமுறைகளில் வானத்திலிருந்து தெளித்த கொசுமருந்து, உடலுக்கு ஆற்றல் தரும் இழைமணிகளைச் சிதைத்துவிட்டது. இழைமணி தாயிடமிருந்து மட்டுமே வரும். அதைச் சீராக்க, மருந்துக்கு முற்பட்ட தாய்வழிப் பெண் ஒருத்தியின் பழுதற்ற உயிரணு வேண்டும். மூலப்படி என்பார்கள். அது கிடைக்காதவர்கள் மெல்ல அடங்கிப்போவார்கள். நாங்களோ இறந்தவர்கள் எல்லாரையும் எரித்துவிட்டோம்; எலும்புகூட மிஞ்சவில்லை.

எங்களிடம் இருந்தது அம்மா வழியில் வந்த ஒரு கடிதக்கட்டு. மணமாகிப் போன மகளுக்குத் தகப்பனார் எழுதியவை. அந்த மகள் வழியில்தான் நாங்கள். ஒவ்வொன்றிலும் "உன் தாயார் சுகம்" என்று ஒரு வரி. மகளுக்கு எழுதும்போது தாயின் பெயர் எதற்கு? அவளைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூலப்படிக்கூடத்தில் சுடலைமணி அண்ணன் கட்டைச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தாள் மேல பின்னால வந்தவங்க கையெல்லாம் பட்டிருக்கும்மா. அது செல்லாது. உறையோட ஒட்டுக்குள்ள மூடிக் கிடக்கதுதான் செல்லும். நாக்கால நனைச்சு ஒட்டியிருந்தா எச்சில் இருக்கும். இவங்க ஆசாரக்காரங்க போல. சோத்துப் பருக்கையை வச்சு ஒட்டியிருக்காங்க. ஓரத்துல சுரண்டிப் பாத்தேன், வெறும் மாவுச்சத்துதான் வருது."

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் தலையை மட்டும் அசைத்தேன்.

"ஏட்டி, இதையாவது வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்றாள். பிறகு, "சரி, ஒண்ணு வாசி. அந்தத் தாத்தா என்னதான் கதையளந்தாருன்னு கேப்போம்" என்றாள்.

வாசித்தேன். மழை, மாடு, மருமகனின் வேலை. கடைசியில்: "உன் தாயார் சோறு வடித்துவிட்டாள். இதை வாங்கி உறையில் ஒட்டித் தர நிற்கிறாள். ஆகையால் இத்துடன் நிறுத்துகிறேன்."

அந்த வரியை இன்னொரு முறை வாசித்தேன்.

மறுநாள் கூடத்தில் நானே முதலில் பேசினேன். "அண்ணே, பருக்கையை எதால நசுக்குவாங்க?"

"விரலாலதான், வேற எதால?" என்றவர் தன் கட்டைவிரலைப் பார்த்தார். கடிதங்களுக்குக் கையை நீட்டினார்.

மகள் உறைகளை ஓரம் கிழித்துத்தான் பிரித்திருந்தாள். ஒட்டு ஒவ்வொன்றும் திறக்கப்படாமலே இருந்தது. இறுகிய மாவுக்குள் தோல் துகள்கள். அடுப்பு வேலை செய்து காய்ந்த விரலின் தோல். அக்காவின் சிதைந்த படியோடு, சிதையாத இடங்களிலெல்லாம் அது பொருந்தியது.

அதிலிருந்து செய்த ஊசியைப் போட்ட சில வாரங்களில் அக்கா எழுந்து நடந்தாள். நடந்ததும் செய்த முதல் வேலை என்னோடு சண்டை.

அந்த வழியில் வந்த யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று மூலப்படியைப் பொதுவில் வைத்தோம். ஒருநாள் பினாங்கிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. கோமளவல்லி என்றாள். அதே தாய்வழி. அவளுடைய மகளும் எழுந்துவிட்டாளாம். நன்றி என்று சொல்லத் தொடங்கி அழுதாள்.

"அவங்க பேரு என்னம்மா? விளக்கேத்தும்போது சொல்லணும்."

"தெரியலைங்க. எங்கயுமே எழுதல."

அவள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"உனக்கு வயசென்ன?"

சொன்னேன்.

"அப்ப நான் உனக்கு அக்கா. வாங்க போங்கல்லாம் வேணாம்."

"சரிக்கா" என்றேன். அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.