மறந்துபோன முட்டை

கிணற்றடிக் கல்தொட்டியின் ஓரத்தில் சீமாட்டி கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தாள்.

சீமாட்டி என்றதும் பட்டுச்சேலை கட்டிய பெரிய வீட்டு அம்மா என்று நினைத்துவிடாதீர்கள். அவள் ஓர் ஆமை. கறுத்த குளத்தாமை. யாரைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக நடப்பாள். அதனால் அந்தப் பெயர்.

அவளை வளர்த்தவள் ஜெபகனி. பத்து வயது. பத்மநாபபுரத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய குளத்தின் கரையை ஒட்டி அவள் வீடு. மூன்று வருடமாகச் சீமாட்டிக்கு மண்புழு தேடுவதும் தொட்டித் தண்ணீரை மாற்றுவதும் அவள்தான்.

அவளுடைய அம்மா நேசபாய் ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தாள். "ஆமை வாசப்படி தாண்டப்படாது, கேட்டியா?"

ஆமை வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அந்த ஊரில் எல்லாருக்கும் பயம். நேசபாய் ஞாயிறு ஆராதனை தவறாதவள். இதையெல்லாம் நம்பக் கூடாது என்று அவளே மற்றவர்களுக்குச் சொல்வாள். இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருடம், ஓண விடுமுறை. அடுத்த வீட்டுக் குமாரதாஸ் ஒரு மண்பானையை அணைத்துக்கொண்டு வந்து நின்றான். அவனும் ஜெபகனியின் வகுப்புதான். பானைக்குள் துரை இருந்தான். துரையும் ஆமைதான், ஆண் ஆமை.

"தொட்டியில விடட்டா?" என்று கேட்டான் குமாரதாஸ்.

"வேண்டாம்லே."

"நேத்தும் வேண்டாம்னே. முந்தாநேத்தும் வேண்டாம்னே. சனிக்கிழம நாங்க போறோம் ஏட்டி!"

குமாரதாஸின் அப்பாவுக்குக் கோட்டாற்றில் ஒரு கடையில் வேலை கிடைத்திருந்தது. குடும்பமே அங்கே குடிபோகிறது.

"துரையக் கொண்டுவரப்படாதுன்னு அப்பா சொல்லியாச்சு. நீ வச்சுக்கோ. ரெண்டும் சேந்து கெடந்தா மழைக்கு முட்ட போடும். பொரிச்சதும் எனக்கு ஒரு குஞ்சு தா. ஒண்ணே ஒண்ணு போதும்."

கேட்டது அவன் மட்டுமில்லை. வகுப்பில் இன்னும் பதின்மூன்று பேர் ஆமைக்குஞ்சு கேட்டிருந்தார்கள். எல்லார் பெயரையும் ஜெபகனி ஒரு தாளில் எழுதி வைத்திருந்தாள். முதலில் சந்தோஷமாகத்தான் எழுதினாள். இப்போது அந்தத் தாளை எடுத்துப் பார்க்கவே அவள் பயந்தாள்.

காரணம் போன வருடம் நடந்தது.

போன வருடம் அவளே துரையைக் கேட்டு வாங்கித் தொட்டியில் விட்டாள். ஐப்பசி மழையில் சீமாட்டி வாழைமூட்டில், மரத்தடி மண்ணில், பின்னங்காலால் குழி தோண்டி முட்டையிட்டாள். வெள்ளை வெளேரென்று, சற்று நீளமான முட்டைகள்.

முட்டை பொரிக்க வேண்டுமென்றால் என்ன செய்வார்கள்? கோழியை அடைவைப்பார்கள். வாத்து முட்டையையே கோழிதான் பொரிக்கிறது, ஆமை முட்டையைப் பொரிக்காதா? நல்லவேளையாக வீட்டில் கறுப்பிக் கோழி அடைக்குப் படுத்திருந்தது. ஜெபகனி முட்டைகளைத் தோண்டி எடுத்தாள். மண் போகக் கழுவினாள். கரியால் அடையாளம் போட்டாள். இடி விழுந்தால் முட்டை கெட்டுப்போகும் என்று வைக்கோலுக்கு அடியில் இரும்பாணியும் கரித்துண்டும் வைத்தாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

"ஆமைக்குக் கோழி அம்மையாடி?" என்று நேசபாய் சிரித்தாள்.

கறுப்பி எல்லா முட்டைகளையும் ஒரே மாதிரி அலகால் புரட்டிப் புரட்டி அடைகாத்தது. கோழி முட்டைக்கு அது நல்லது. ஆமை முட்டையைப் புரட்டினால் உள்ளே இருக்கும் குஞ்சு பிழைக்காது. இது கறுப்பிக்கும் தெரியாது, ஜெபகனிக்கும் தெரியாது.

இருபத்தோராம் நாள் கறுப்பி தன் குஞ்சுகளோடு இறங்கிப் போய்விட்டது. ஆமை முட்டைகள் ஐந்தும் அப்படியே கிடந்தன. பல நாள் கழித்து நேசபாய் ஒன்றை உடைத்துப் பார்த்தாள். அந்த நாற்றத்தை ஜெபகனி இன்னும் மறக்கவில்லை.

தை மாதத்தில் ஒருநாள் வாழைமூட்டில் தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஏதோ நகர்ந்தது. ஆமைக்குஞ்சு! அவள் தோண்டும்போது கண்ணில் படாமல் மண்ணுக்குள்ளேயே விட்டுப்போன ஆறாவது முட்டை தானாகப் பொரித்திருந்தது. அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள். அவளுடைய உயிர்த்தோழி விக்டோரியா கெஞ்சிக் கேட்டதால் அவளிடம் கொடுத்தாள்.

விக்டோரியா வீட்டில் ஆமை என்ற பேச்சே எடுக்கக் கூடாது. அதனால் அவள் பொட்டுவைப் பனையோலைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வளர்த்தாள். பாலும் சோறும் ஊட்டினாள். ஒரு மாதத்தில், வெயிலே படாமல், பொட்டுவின் ஓடு ஊறின அப்பளம் போல ஆகிவிட்டது. அதற்கடுத்த வாரம் பொட்டு செத்துப்போனது.

வாழைமூட்டில்தான் புதைத்தார்கள். விக்டோரியா அழுத அழுகையில் ஜெபகனியால் அன்று அழக்கூட முடியவில்லை. பிறகு தனியாக உட்கார்ந்து அழுதாள். கழுவித் துடைத்து வைத்ததெல்லாம் செத்தது. மறந்துபோன ஒன்றுதான் பிழைத்தது. அதையும் எடுத்துக் கொடுத்தது நான்தானே என்று நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

"இந்தத் தடவ தோண்டாண்டாம். கோழிக்கிட்டயும் வைக்காண்டாம்," என்றான் குமாரதாஸ். "தானா பொரிக்கட்டும்."

"பொரிச்ச பிறகு?"

ஜெபகனி தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"வா. எல்லார்ட்டயும் ஒரு கேள்வி கேப்போம். குஞ்ச எங்க வைப்பியன்னு."

இருவரும் வீடுவீடாகப் போனார்கள்.

சுயம்புலிங்கம் உடனே சொன்னான், "சோப்புப் பெட்டி இருக்கு. வாசமா இருக்கும்!"

"எங்கம்மைக்குத் தெரியாம நெல்லுப் பத்தாயத்துக்கு அடியில," என்றாள் பூங்கனி.

"பள்ளிக்கூடப் பையில. எங்கூடவே இருக்கும்லா?" என்றாள் செசிலி.

ஒரு பெயர், ஒரு கோடு. வெயில் படுகிற இடம் ஒன்றைக்கூட யாரும் சொல்லவில்லை. எல்லாரும் ஆசையாகத்தான் சொன்னார்கள். அதுதான் ஜெபகனியை இன்னும் பயமுறுத்தியது. பதின்மூன்று பெயர் அடிபட்டுக் கடைசியில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது.

"நீ எங்கலே வைப்ப?"

"சட்டிக்குள்ள." குமாரதாஸ் கொஞ்சம் யோசித்தான். "கட்டிலுக்கு அடியில."

"வீட்டு முன்னால முத்தம் இல்லியா?"

"முத்தமும் இல்ல, கிணறும் இல்ல. வெயிலு தெருவுலதான் வரும்." அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. பிறகு அவள் கையிலிருந்த பென்சிலை வாங்கித் தன் பெயரைத் தானே அடித்தான். பென்சில் முனை உடையும் அளவுக்கு அழுத்தி அடித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் துரையையும் சீமாட்டியையும் எடுத்துக்கொண்டு இருவரும் குளத்தங்கரைக்குப் போனார்கள். குமாரதாஸ் பானையைச் சரித்ததும் துரை தண்ணீருக்குள் போய்விட்டான்.

"சீமாட்டிய நீ வச்சுக்கோ. தனியா இருந்தா குஞ்சு வராதுல்லா?" என்றான் குமாரதாஸ்.

அது சரியான யோசனைதான். ஜெபகனிக்கும் அப்படித்தான் ஆசை. ஆனால் அவள் கையில் சீமாட்டி நான்கு காலாலும் காற்றில் நீந்திக்கொண்டிருந்தாள், குளத்தைப் பார்த்து.

"முட்ட போடணுமா வேண்டாமான்னு அதுவே பாத்துக்கட்டும்," என்று சொல்லி அவளைக் கீழே விட்டாள்.

ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றாள். சீமாட்டி வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள். ஜெபகனி வாய்விட்டு அழுதாள். குமாரதாஸ் காலிப்பானையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் அவனும் போய்விட்டான்.

வகுப்பில் ஜெபகனிக்குப் 'பிசினாறி' என்று பெயர் வைத்தார்கள். செசிலி பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். "இனி தொட்டியில துணி நனைக்கலாம்," என்று சொன்ன நேசபாய், அதில் துணி நனைக்கவும் இல்லை, தண்ணீர் நிரப்புவதை நிறுத்தவும் இல்லை. ஜெபகனி தினமும் குளத்தங்கரையில் போய் நின்றாள். தாமரை இலை தெரிந்தது, கொக்கு தெரிந்தது. கறுத்த முதுகு ஒன்றுகூடத் தெரியவில்லை. பருந்து தூக்கியிருக்குமோ, யாராவது பிடித்துச் சமைத்திருப்பார்களோ என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. கார்த்திகை போனது, கிறிஸ்துமஸும் போனது. சீமாட்டி இனி இல்லை என்றே அவள் முடிவுசெய்துவிட்டாள்.

மாசியில் தண்ணீர் கொஞ்சம் வற்றியது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, கரையில் தாழம்புதர் ஓரமாக ஒரு சின்னக் குழியைப் பார்த்தாள். குழிக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டை ஓடுகள். உள்ளே இருந்து உடைத்த ஓடு. குழியிலிருந்து தண்ணீர்வரை ஈரமண்ணில் மெல்லிய கோடுகள் ஓடின.

ஜெபகனி ஓரடி எடுத்து வைத்தாள். கை துறுதுறுத்தது. அப்படியே நின்றுவிட்டாள். புல்லுக்குள் ஏதாவது மிதிபட்டுவிடுமோ என்று தரையைப் பார்த்துப் பார்த்துப் பின்னால் நடந்தாள்.

அன்றைக்கே குமாரதாஸுக்கு ஒரு கார்டு எழுதினாள்.

"குளத்தங்கரையில் ஆமை முட்டை பொரித்திருக்கிறது. சீமாட்டியுடையதுதானா என்று தெரியாது. எத்தனை குஞ்சு என்றும் தெரியாது. நான் தேடவில்லை. உனக்கு ஒன்று உண்டு என்று வைத்துக்கொள்."

நாலாம் நாள் பதில் வந்தது. குமாரதாஸின் கோணல் எழுத்து.

"என் குஞ்சு அங்கேயே கிடக்கட்டும். அதற்குப் பெயர் வைத்துவிட்டேன். என்ன பெயர் என்று உன்னிடம் சொல்லமாட்டேன். சொன்னால் நீ கரையில் நின்று கூப்பிடுவாய்."