குண்டு போடாத வர்ணனை

என் கையில் மைக்கைக் கொடுத்தால் போதும், எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் எனக்கு ‘ரேடியோ’ என்று பெயர்.

அன்றைக்கு ஆறாம் வகுப்புப் பெண்களின் கால்பந்து இறுதிப் போட்டி. எங்கள் ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும்தான் மோதல். மைதானத்தின் ஓரத்தில் ஒரு மேஜை. பக்கத்துக் கம்பத்தில் பெரிய ஒலிபெருக்கி. நேரடி வர்ணனை யார்? நான்தான்!

ஒரு வாரமாகச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைப் படித்துச் சொற்களைப் பொறுக்கி வைத்திருந்தேன். பீரங்கி அடி, குண்டு மழை, ஏவுகணை, சரமாரித் தாக்குதல்! அந்தப் பக்கத்தைப் படித்தால் வீரர்கள் பந்து உதைக்கிறார்களா, படை நடத்துகிறார்களா என்றே தெரியாது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் கோல்கீப்பர் இரண்டு மாதத்துக்கு முன்புதான் தூரத்து ஊரிலிருந்து வந்து சேர்ந்தவள். அதிகம் பேச மாட்டாள். ஆனால் பயிற்சியில் ஒரு பந்தைக்கூட உள்ளே விட்டதில்லை. அவள் கையில் பந்து அப்படி ஒட்டிக்கொள்ளும். அதனால் ‘பசை’ என்றே பெயர் வைத்துவிட்டோம்.

விசில் ஊதியது.

“இதோ, பி பிரிவு முற்றுகையிடுகிறது! வருகிறது பாருங்கள் குண்டு!” என்று முழங்கினேன்.

உண்மையில் பந்து மெதுவாக உருண்டுதான் வந்தது. பசை அதைப் பார்க்கவே இல்லை. காதைப் பொத்திக்கொண்டு தரையில் குந்திவிட்டாள். கோல்!

பத்து நிமிடம் கழித்து, “குண்டு மழை பொழிகிறது!” என்றேன். மறுபடியும் காதைப் பொத்தினாள். மறுபடியும் கோல்!

இடைவேளையில் எங்கள் கேப்டன் கொதித்துப் போயிருந்தாள். “பசையா இவ? வெறும் தண்ணி! இவளை வெளியே உட்கார வெச்சுட்டு வேற ஆளைப் போடலாம்.”

“ஒரு நிமிஷம் பொறுடி” என்றேன். எனக்குள் ஏதோ உறுத்தியது. இரண்டு தடவையும் அவள் பந்தைப் பார்த்துப் பயப்படவில்லை. என் குரல் கேட்டதும்தான் குந்தினாள்.

தண்ணீர்க் குழாய் அருகில் அவள் தனியாக முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“பந்துன்னா பயமா?” என்று கேட்டேன்.

“பந்துக்கு யாரு பயந்தா?” என்றவள், ஒலிபெருக்கியைக் காட்டினாள். “எங்க ஊர்ல சண்டை நடந்தப்போ, இதே மாதிரி ஒண்ணு தெரு முனையில இருந்தது. அதுல ‘குண்டு வருது’ன்னு சொன்னா, உடனே காதைப் பொத்திட்டுக் கீழே உட்காரணும். பழகிப்போச்சு. இது விளையாட்டுன்னு எனக்குத் தெரியுது. என் காலுக்குத்தான் தெரியல.”

என்மேல் எனக்கே கோபம் கோபமாக வந்தது.

“என்னை மன்னிச்சுடு. நான் மைக்கைத் திருப்பிக் கொடுத்துடறேன்.”

“ஐயோ, வேண்டாம்! நீ பேசினாத்தான் ஆட்டமே கலகலன்னு இருக்கு. குண்டு மட்டும் போடாதே.”

கேப்டனிடம் ஓடினேன். “தப்பு அவ மேல இல்ல, என் வாய்மேல. அவளே நிக்கட்டும். இன்னொரு கோல் விழுந்தா என்னைக் கேளு!”

கேப்டன் முறைத்தாள். பிறகு, “சரி, போ. விழட்டும், அப்புறம் இருக்கு உனக்கு” என்றாள்.

மைக்கைப் பிடித்ததும்தான் திக்கென்றது. நான் சேர்த்து வைத்திருந்தது எல்லாமே போர்க்களத்துச் சொற்கள்! அவற்றை எடுத்துவிட்டால் ‘பந்து’, ‘கால்’ இரண்டுதான் மிச்சம்.

பி பிரிவு பாய்ந்து வந்தது. ‘ஏவுகணை’ என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்படியே விழுங்கினேன்.

“இதோ... பந்து... கூப்பிடாத விருந்தாளி மாதிரி வாசலுக்கே வந்துவிட்டது! ‘வீட்டில் யாரும் இல்லை, அப்புறம் வாங்க’ என்று பசை திருப்பி அனுப்பிவிட்டாள்!”

மைதானமே சிரித்தது. பசையும் சிரித்தாள்.

அவ்வளவுதான், எனக்குக் குஷி பிறந்துவிட்டது. “பந்து பால் மாதிரி பொங்கி வருகிறது, பசை அடுப்பையே அணைத்துவிட்டாள்! எங்கள் கேப்டன், கடைசி மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடுவதுபோல ஓடுகிறாள்... கோல்!”

ஒன்று, இரண்டு, மூன்று! நாங்கள் மூன்று, அவர்கள் இரண்டு.

கடைசி நிமிடத்தில் பி பிரிவுக்குப் பெனால்டி கிடைத்தது. உதைக்க வந்தவள் நெட்டைக் கொக்கு மாதிரி உயரம். கேப்டன் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

“பசை, நாங்க எல்லாரும் இங்கேதான் இருக்கோம். வர்றது வெறும் பந்துதான். பிடிச்சுக்கோ!”

உதைத்தாள்! பந்து மேல் மூலைக்குப் பறந்தது. பசையும் பறந்தாள். டப்! இரண்டு கைக்குள் பந்து!

விசில் ஊதியது. நான் மேஜை மேலேயே ஏறிக் குதித்தேன். பசை பந்தோடு நேராக என்னிடம் ஓடி வந்தாள். ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று, என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

“எல்லாருக்கும் வணக்கம்! பந்து என்கிட்டதான் இருக்கு. யாருக்காவது வேணுமா?”

மைதானம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து மைக்கைத் திரும்ப வாங்க எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.