ஈயக்குண்டு பாடிய பெட்டி

திங்கட்கிழமை காலை பத்து மணி. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் சிடி பிளேயரின் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். குருநாதனைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"அண்ணே, இதுக்கா ஐரோப்பாவுல இருந்து ஆர்டர் பண்ணீங்க?"

நாலு லட்ச ரூபாய்ப் பெட்டி அது. இராமநாதபுரம் சீமையிலேயே அப்படி ஒன்று இல்லை என்று குருநாதன் கேட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்காதவரிடமும் சொன்னார். இப்போது அதன் வயிற்றுக்குள் தெருவோரக் கடையில் விற்கும் மலிவான பிளேயரின் மின்சுற்றுப் பலகை ஒன்று ஒட்ட வைக்கப்பட்டிருந்தது. எடை குறைந்தது தெரியாமலிருக்க, வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைத் துணியில் சுற்றி அடைத்திருந்தார்கள். சிடி வைக்கும் தட்டு திறக்காமல் சிக்கிக்கொண்டதால்தான் விஷயமே வெளியே வந்தது.

குருநாதன் முதலில் செய்த காரியம், காவல்காரன் தவசியைக் கூப்பிட்டுக் கன்னத்தில் ஓங்கி அறைந்தது. இரண்டாவதாகத்தான் போலீசுக்குப் போன் செய்தார்.

மண்டபம் சப்-இன்ஸ்பெக்டர் முருகேஸ்வரி வந்து சேர்ந்தபோது, முந்திய ஜீப்பிலேயே தவசியை ஸ்டேஷனுக்கு ஏற்றிப் போயிருந்தார்கள். அவள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கடலாடிப் பக்கம் மிளகாய்க் காடு வைத்திருப்பவர் குருநாதன். பாட்டுக் கேட்பதற்கென்றே இங்கே கடலைப் பார்த்து வீடு கட்டி, கடல் சத்தம் உள்ளே வரக் கூடாதென்று ஜன்னலையெல்லாம் அடைத்து வைத்திருந்தார். அவளுக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

"கடைசியா எப்ப சார் இதுல பாட்டுப் போட்டீங்க?"

"நேத்து. ஞாயித்துக்கிழமைதோறும் ஒப்பிட்டுப் பாப்போம்."

"எதை?"

"பிளேயரை. ஒரே சிடி, ஒரே ஸ்பீக்கர். என் பெட்டியில ஒரு தடவை, முத்தழகு பெட்டியில ஒரு தடவை. எது நல்லாப் பாடுதுன்னு பாக்கறது."

"எது நல்லாப் பாடும்?"

"என்னுதுதான்." குருநாதன் அதில் சந்தேகம் என்ன என்பது போலப் பார்த்தார்.

கேட்க வருபவர்கள் இரண்டே பேர். கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்ற கூத்தையா. இராமநாதபுரத்தில் சினிமா தியேட்டர் வைத்திருக்கும் முத்தழகு, குருநாதனுக்குப் பங்காளி முறை. முத்தழகிடம் இருப்பதும் வெளிநாட்டுப் பெட்டிதான், ஆனால் பழையது. வாராவாரம் கேட்டு, வாராவாரம் குருநாதன் பெட்டியே ஜெயித்து, பிறகு மூவரும் குருநாதன் வீட்டு நாட்டுக்கோழிக் குழம்பைச் சாப்பிடுவார்கள். வேறு பெட்டி ஜெயித்தால் குழம்பு கிடைக்குமா என்று முருகேஸ்வரி மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

கூத்தையா பக்கத்துத் தெருதான். உடனே வந்தார்.

"நேத்து எப்படி சார் இருந்துச்சு?"

"தேன்! நாதஸ்வரக்காரர் மூச்சு இழுக்கிறது பக்கத்துல உக்காந்து கேட்ட மாதிரி இருந்தது. அந்த மாதிரிக் கருவிக்கு ஈடே கிடையாதும்மா."

"நேத்துப் பாடுனது இது சார்." அவள் திறந்து கிடந்த பெட்டியைக் காட்டினாள்.

கூத்தையா எட்டிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கவேயில்லை.

"நேத்து எல்லாருமே தேன்னுதான் சொன்னீங்களா?"

"முத்தழகு மட்டும் ஒத்துக்கலை," என்றார் குருநாதன். "'உன் பெட்டி இன்னைக்குச் செத்துக் கெடக்கு, என்னுதுதான் பாடுது'ன்னான். ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. நாங்க சிரிச்சோம். மூஞ்சியத் தூக்கிட்டுச் சாப்பிடாமப் போயிட்டான்."

போன வாரம் குருநாதன் மிளகாய்ப் பழம் எடுக்கக் கடலாடிக்குப் போயிருந்தார். சாவி தவசியிடம். வியாழனன்று கூத்தையா சிடி எடுக்கவென்று வந்தார். வெள்ளியன்று முத்தழகு ஒயர் மாற்றவென்று வந்தான். இருவரும் கையில் பையோடு வந்தவர்கள். இருவருக்கும் சூட்டுக்கோல் பிடித்து ஒயர் ஒட்டத் தெரியும்.

ஆனால் அவளுக்கு மேலிருந்த இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. தவசியின் மச்சான் பாம்பனில் வலை வேலை பார்க்கிறான். ஈயம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். சாயங்காலம் ரிமாண்டுக்கு அனுப்பிவிடலாம் என்று போனில் சொன்னார். பாம்பன் கடையில் யார் போய்க் கேட்டாலும் ஈயக்குண்டு கொடுப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். முருகேஸ்வரி போனை வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள்.

ஸ்டேஷன் வாசலில் தவசியின் மனைவி பிச்சையம்மாள் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்தாள். "அவுக ரேடியோவுக்குப் பேட்டரிக் கட்டை போடக்கூடத் தெரியாதவுகம்மா," என்றாள். "செயிலுக்குப் போயிட்டா நான் எங்கன போவேன்?"

உள்ளே தவசி சுவரோரம் குந்தியிருந்தான். முருகேஸ்வரி கேட்டதை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது. அவன் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டான். பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"முத்தழகு பெட்டியை வாராவாரம் கார்ல இருந்து யாரு எறக்குறது?"

"நாந்தேன். ஒத்தக் கையில தூக்கிட்டு வந்துருவேன்."

"நேத்து?"

"நேத்து விடமாட்டேன்னுட்டாக. அவுகளே தூக்குனாக. படி ஏறுறதுக்குள்ள மூச்சு வாங்கிருச்சு அவுகளுக்கு."

முருகேஸ்வரி முத்தழகுக்குப் போன் போட்டாள். குரலில் முடிந்தமட்டும் மரியாதையைக் குழைத்தாள்.

"சார், போலிப் பெட்டின்னு காதாலயே கண்டுபிடிச்ச ஒரே ஆளு நீங்கதானாமே? இந்தக் கேஸுக்கு உங்க காதுதான் சார் சாட்சி. உங்க பெட்டியோட வாங்க, வச்சு ஒப்பிட்டுக் காட்டிருவோம்."

வரமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள்.

"வாரேன். அந்தக் கூத்தையாவையும் இருக்கச் சொல்லுங்க," என்றான் முத்தழகு.

பிற்பகல் மூன்று மணி. குருநாதன் வீட்டு வாசலில் முத்தழகின் கார் வந்து நின்றது. கான்ஸ்டபிள் முனியசாமி கை கொடுக்கப் போனார். "தொடாதீங்க" என்று தடுத்து, பெட்டியை நெஞ்சோடு அணைத்து, வியர்க்க விறுவிறுக்க முத்தழகே தூக்கி வந்தான்.

ஹாலின் குறுக்கே முருகேஸ்வரி ஒரு போர்வையைக் கட்டச் சொல்லியிருந்தாள். பெட்டிகள் போர்வைக்குப் பின்னால். மெக்கானிக் தட்டைச் சரிசெய்து மூடியை மாட்டிவிட்டார். முன்னால் மூன்று நாற்காலிகள். முனியசாமி உள்ளிருந்து நாதஸ்வரத்தைப் போட்டார். நின்றது. மறுபடி அதையே போட்டார். நின்றது.

கூத்தையா இம்முறை எச்சரிக்கையானார். "முதல்ல வந்தது தகரம். ரெண்டாவதுல ஆழம் இருக்கு."

"நானும் அதான் சொல்றேன்," என்றார் குருநாதன்.

முத்தழகு காலை ஆட்டிக்கொண்டு சிரித்தான். "மொதல்ல பாடுனது அவன் பெட்டி. செத்த பொணம். ரெண்டாவது என்னுது. இதுகூடத் தெரியலைன்னா காது எதுக்கு?"

"நிச்சயமா சார்?"

"எழுதிக்கங்க."

முருகேஸ்வரி போர்வையை இழுத்தாள். முத்தழகின் பெட்டிக்கு ஒயரே மாட்டவில்லை. இரண்டு தடவையும் பாடியது ஈயக்குண்டுப் பெட்டிதான்.

படித்தவர்கள், பணமுள்ளவர்கள், வாரம் தவறாமல் மணிக்கணக்கில் கண்ணை மூடிக் கேட்டவர்கள். ஒரே சத்தத்தை இரண்டு சத்தம் என்று சாதித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு அவர்கள்மேல் பரிதாபம்கூட வரவில்லை.

"முத்தழகு சார், நேத்து நீங்க சொன்னது நெசம். பெட்டி செத்துத்தான் கெடந்துச்சு. அந்த நெசத்தைச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். காது அவ்வளவு கூர்மையா இருந்தா உங்களைக் கும்பிட்டுப் போயிருப்பேன். இப்பப் பாத்தாச்சு, உங்க காதும் இவுக காது மாதிரிதான். காதுக்குத் தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

முத்தழகின் கால் ஆட்டம் நின்றிருந்தது.

"கைக்குத் தெரிஞ்சிருக்கு. வெள்ளிக்கிழமை கழட்டுனது அந்தக் கைதானே? கழட்டுனதை எங்க வச்சீங்கன்னு தேட வேண்டியதில்லை. ஒத்தக் கையில தூக்குற பெட்டி இந்த வாரம் ஏன் கனக்குது? மெக்கானிக், அதைத் திறங்க."

மெக்கானிக் திறந்தார். பழைய பெட்டிக்குள், செம்புக் கம்பி சுற்றிய கனத்த டிரான்ஸ்பார்மரும் பளபளக்கும் பலகைகளும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. திருடுபோன சாமான் நேற்று முழுக்க இதே ஹாலில், திருட்டுக் கொடுத்தவரின் ஸ்பீக்கரிலேயே பாடியிருக்கிறது.

முத்தழகு எழுந்து நின்றான். வெட்கமில்லை, ஆத்திரம்தான்.

"ஒரு தடவையாவது என் பெட்டி ஜெயிக்கட்டும்னுதான் செஞ்சேன்! அசலை வச்சுப் போட்டேன், ஒரு பயலும் திரும்பிப் பாக்கலை. ஈயக்குண்டைத் தேன்ங்கிறானுக. செவிட்டுப் பயலுக!"

திருடியதைவிட அதுதான் அவனுக்கு வலித்தது. வாயை மூடிக்கொண்டு குழம்பைச் சாப்பிட்டுப் போயிருந்தால் அவனை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

குருநாதன் முருகேஸ்வரியை வராந்தாவுக்குத் தனியே அழைத்துப் போனார்.

"நாங்க பங்காளிகம்மா. உள்ளுக்குள்ள பேசித் தீத்துக்கிறோம். நாங்க தேன்னு சொன்னது வெளிய தெரிஞ்சா ஊரே சிரிக்கும். புகாரைத் திருப்பி வாங்கிக்கிறேனே."

"தவசி?"

"யாரு... அவனா? விட்டுருங்க. நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க."

சாயங்காலம் ஸ்டேஷனில் முருகேஸ்வரி தவசியின் இடதுபக்கம் நின்று, "எந்திரி தவசி, நீ வீட்டுக்குப் போகலாம்," என்றாள். அவன் அசையவில்லை. சத்தமாகச் சொன்னாள். அப்போதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிச்சையம்மாள் வந்து தோளைத் தொட்டதும்தான் திரும்பினான். காதோரம் காய்ந்த ரத்தம் ஒரு கோடு.

காலையில் அவன் தலை சாய்த்ததைப் பயம் என்று நினைத்தவள் அவள்தான். ஊரார் காதையெல்லாம் சோதித்தவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். செவிப்பறை கிழிந்திருக்கிறது, அந்தக் காது பழையபடி கேட்பது சந்தேகம்தான் என்றார்.

"புகார் எழுதவா?" என்று முருகேஸ்வரி கேட்டாள்.

"வேணாம்மா, அய்யா வீட்டுச் சோறு..." என்று தவசி இழுத்தான்.

"எழுதுங்க," என்றாள் பிச்சையம்மாள்.

முருகேஸ்வரி அங்கிருந்தே குருநாதனுக்குப் போன் செய்தாள்.

"சார், காலையில ஸ்டேஷனுக்கு வாங்க."

"எதுக்கும்மா? அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே."

"காது விஷயமா விசாரிக்கணும்."

குருநாதன் அலுத்துக்கொண்டார். "அதான் ஒப்பிட்டுப் பாத்துச் சந்தி சிரிச்சாச்சே. இன்னும் யாரு காதை?"

"தவசியோட இடது காதை. நீங்க அடிச்ச காதை."