தழும்பு விழுந்த முகம்

ஹெராத்தில் புழுதிக்காற்று ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், நிகார் என்ற பெண், விசாரணை அதிகாரி ஃபசீஹின் வாசலில் வந்து விழுந்தாள்.

"ஐயா, சாயங்காலம் என் புருஷனோட வலது கையை வெட்டப் போறாங்க!"

அவள் கணவன் ஷாதி, இளவரசரின் ஏட்டுக்கூடத்து ஓவியன். பழைய மன்னர் கதைக்காக அவன் வரைந்த கொடுங்கோலன் படம், இளவரசர் பார்க்கும் முன்பே காணாமல் போயிருந்தது. அவனே விற்றுவிட்டான் என்பது குற்றச்சாட்டு. அவனோ வாயே திறக்கவில்லை.

"படத்தை வேற யாராவது பார்த்தாங்களா?"

"இல்லைங்க. முடியிற வரைக்கும் துணி போட்டு மூடியே வச்சிருப்பார்."

"வெளியூர் வியாபாரிங்களைப் பிடிச்சு நாலு சாத்து சாத்தலாம்" என்று துள்ளினான் உதவியாளன் தோகான்.

"உன் கை அரிப்பு அப்புறம். முதல்ல கூடத்தைப் பார்ப்போம்."

கூடத்தில் ஷாதியின் நண்பன் பைரம் மட்டும் ஏடுகளுக்கு அட்டை கட்டிக்கொண்டிருந்தான். "சத்தியமாச் சொல்றேன், அந்தத் தழும்புக்காரன் படத்தை நான் கண்ணாலகூடப் பார்க்கலைங்க."

ஃபசீஹ் தலையசைத்துவிட்டு, ஒட்டியவை படியப் பாரமாக வைத்த கல்லின் அடியில் கிடந்த அட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவினார். ஓர் அட்டையில் விரல் நின்றது.

"இது எப்ப ஒட்டினது?"

"போன வாரங்க."

ஃபசீஹ் கதவைச் சாத்தினார்.

"தோகான், இந்தக் காத்துல எதுவும் ஒரு பொழுதுக்கு மேல ஈரமா இருக்காது. போன வாரத்து அட்டை எப்படி நனைஞ்சிருக்கு? இன்னொண்ணு, கதையில வர்ற கொடுங்கோலனுக்குத் தழும்பே கிடையாது. பார்க்காத படத்துல தழும்பு இருக்குன்னு இவனுக்கு யார் சொன்னது?"

பைரம் அட்டையை மெதுவாகப் பிரித்தான். இரண்டு தாள்களுக்கு நடுவே பொன் மின்னியது. ஆவலாகக் குனிந்த தோகான், ஓரடி பின்வாங்கினான். அரியணையில் இருந்தவனின் இடது புருவத்தை ஒரு தழும்பு வெட்டிச் சென்றது. அச்சு அசல் இளவரசர்.

"ஷாதியோட தம்பியை இளவரசர் தூக்குல போட்டார் இல்லையா, அந்த ஆத்திரத்துல வரைஞ்சுட்டான்" என்றான் பைரம். "படம் தொலைஞ்சா கைதான் போகும். கிடைச்சா தலையே போயிடும். அதான் மறைச்சேன், ஐயா."

வெளியே பிற்பகல் தொழுகைக்கு அழைத்தார்கள். தண்டனைக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

"ஷாதியைக் கூட்டிட்டு வா. விசாரணைன்னு சொல்லு."

"இந்த மூஞ்சியை மாத்திடு" என்று ஃபசீஹ் சொன்னதும், விலங்கோடு வந்த ஷாதி படத்தைப் பார்த்தான். "மாத்த மாட்டேன். என் தம்பியைக் கொன்ன மூஞ்சி இதுதான்."

"வாசல்ல நிகார் நிக்கிறா. அவகிட்டப் போய் இதைச் சொல்லு."

ஷாதி வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டான்: "வேற யார் மூஞ்சியைப் போட? யாரைப் போட்டாலும் அவனுக்கு ஆபத்து."

"என் மூஞ்சியைப் போடு" என்று ஃபசீஹ் ஜன்னல் வெளிச்சத்தில் போய் உட்கார்ந்தார்.

மாலையில் இளவரசர் முன் படம் விரிக்கப்பட்டது.

"அட்டைத் தாளோட தவறி ஒட்டிக்கிச்சு, பிரபு" என்றார் ஃபசீஹ்.

இளவரசர் படத்தைப் பார்த்தார். பிறகு ஃபசீஹைப் பார்த்தார். மறுபடியும் படம்.

சட்டென்று இளவரசர் வெடித்துச் சிரித்தார். "ஃபசீஹ், இவனுக்கு உன்னைப் பிடிக்கவே பிடிக்காது போலிருக்கே!"

"என்னை யாருக்குத்தான் பிடிக்கும், பிரபு?"

"விலங்கைக் கழட்டுங்கய்யா."

விலங்கு கழன்றதும் ஷாதி வலது கையை நீட்டினான். நிகார் ஓடி வந்து அதை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.