ஏழாவது பெட்டி

மனித மூச்சின் விலை மூவாயிரத்து அறுநூறு. சும்மா சொல்லவில்லை. நகரசபையின் ஏலப் பட்டியலில் ஒன்பதாம் வரியில் அச்சடித்தே போட்டிருந்தார்கள்: ஆக்சிஜன் மெஷின், பழையது, ஒன்றுக்கு 3,600. பேரம் கிடையாது.

முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலியும் மெஷினும் இரவல் தரும் கூடம் அது. இந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் அதையே வெட்டிவிட்டார்கள். வீடு வீடாகக் கொடுத்ததை எல்லாம் திரும்ப வாங்கி, புதன்கிழமை ஏலம்.

புதன், காலை 9.10. ஆறு பெட்டிகளில் மெஷின் இருந்தது. ஏலக்காரர் ஏழாவது பெட்டியைத் திறந்தார். உள்ளே மெஷின் இல்லை. மெஷின் கேட்டு ஜனங்கள் எழுதிய பழைய விண்ணப்பங்கள், கட்டுக் கட்டாக.

9.40. எஸ்.ஐ. வந்தார். சின்ன உருவம், கேள்வியையும் சின்னதாகவே கேட்கும் பெண்மணி. கூடத்துக்கு ஒரே கதவு, ஒரே சாவி. அது ஸ்டோர்கீப்பரின் இடுப்பில். அவர் ஓய்வு பெற இரண்டு மாதம். பொருள் குறைந்தால் பென்ஷன் நிற்கும்.

"பூட்டு உடையல. சாவி உங்ககிட்ட. நான் வேற யாரைப் பிடிக்கிறது?"

"சனிக்கிழமை ஏழு பெட்டி வந்துச்சு மேடம். எண்ணிக் கையெழுத்துப் போட்டேன்."

"திறந்து பார்த்தீங்களா?"

"திறக்க ரெண்டு ஆள் இருந்தாங்க. போன வருஷமே நிறுத்திட்டாங்க. இப்ப நானே அதிகாரி, நானே கூலி. இடுப்பு வலி வேற."

வாசலில் கூடத்து வேன் டிரைவர் உட்கார்ந்திருந்தார். கேட்பதற்கு முன்பே பதில் வந்தது. "டீசல் காசை வெட்டி மூணு மாசம் ஆச்சு மேடம். டயருக்கு அடியில செடி முளைச்சிருக்கு. நான் எதுல ஏத்திக்கிட்டு ஓட?"

"அப்ப பெட்டிங்க எப்படி வந்துச்சு?"

"மெக்கானிக் அக்கா ஆட்டோவுல கொண்டாந்தாங்க. சொந்தக் காசு."

10.05. பின்கட்டு. மெக்கானிக் ஒரு சக்கர நாற்காலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கொடியில் கிளிப் போட்டு ஏழு கறுப்புப் பஞ்சுகள். ஆறு காய்ந்து விறைத்திருந்தன. ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன?"

"மெஷின் இழுக்கிற காத்துல தூசி பிடிக்கிற பஞ்சு மேடம். மெஷினுக்கு ரெண்டு. ஒண்ணு உள்ளே, ஒண்ணு கொடியில. புதன்கிழமைக்குப் புதன்கிழமை மாத்திக் கழுவிடுவேன். பதினாறு வருஷப் பழக்கம்."

எஸ்.ஐ. வாளியை எட்டிப் பார்த்தார். தண்ணீர் கலங்கலாக இருந்தது.

10.30. எல்லோரையும் கூடத்துக்குள் கூப்பிட்டார்.

"பூட்டையே பார்த்துக்கிட்டு நின்னோம். உள்ளே வராத பொருளை யாரும் வெளியே எடுக்க முடியாது." மெக்கானிக் பக்கம் திரும்பினார். "மெஷினெல்லாம் சனிக்கிழமையே பெட்டிக்குள்ள போயாச்சு. நின்ன மெஷினுக்கு எதுக்குப் பஞ்சு மாத்தணும்? கொடியில ஆறு, போன வாரம் கழுவினது. ஏழாவது இன்னிக்குக் கழுவினது. அந்த மெஷின் எங்கே ஓடுதும்மா?"

மெக்கானிக் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தெருமுனைத் தையல்காரர் வீட்டுல மேடம். அவர் சம்சாரத்துக்கு. நான்தான் போய் பிளக்கைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்துல உதடு நீலமாயிடுச்சு. திரும்ப மாட்டிட்டு வெறும் பெட்டியோட வந்து, கனத்துக்குப் பழைய விண்ணப்பத்தை அடைச்சுட்டேன்."

"அதுக்கு என் தலைதான் கிடைச்சுதா தங்கச்சி?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"பெட்டியைத் திறக்காம மொத்தமா ஏலம் விடுவாங்கன்னு சொன்னாங்கண்ணே. இன்னிக்கு உங்களைக் கேட்டப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா அங்கே போய்ப் பிடுங்குவாங்க."

எஸ்.ஐ. பட்டியலை எடுத்து ஒன்பதாம் வரியில் விரலை வைத்தார். பிறகு ஏலக்காரரிடம், "பொருள் இங்கேயே இருக்கணும்னு விதி உண்டா?"

"காசு இங்கே இருந்தாப் போதும் மேடம்."

"விக்காத வரைக்கும் அது திருட்டு. வித்துட்டா?"

"வித்துட்டா ரசீது."

ஸ்டோர்கீப்பர் முனகிக்கொண்டே பர்ஸைத் திறந்தார். "பென்ஷன் போறதுக்கு இது மலிவு."

11.20. ரசீதின் பின்பக்கம் எஸ்.ஐ. எழுதியது:

மெக்கானிக் 1,500. ஸ்டோர்கீப்பர் 1,200. டிரைவர் 400. நான் 500. ஆக 3,600. நேர்.

வெள்ளிக்கிழமையோடு மெக்கானிக்குக்கு வேலை இல்லை. அடுத்த புதன், தையல்காரர் வீட்டில் பஞ்சு மாற்றிக் கழுவிய கூலி: பாக்கி.