ஒத்திகை அறியாத துடைப்பம்

காலை 9.10. ஒலிப்பதிவுக் கூடத்தின் கணினியில் நாவலைக் காணவில்லை.

பார்வையற்றோருக்கான ஒலிநூல் அது. நாற்பது அத்தியாயங்கள். மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ஃபோல்டர் காலி.

முதலாளி தொகுப்பாளரைப் பார்த்தார். “கடைசியா தொட்டது நீதானே? சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா நாளையிலேருந்து வராதே.”

அவள் அழவில்லை. “பழைய பதிவுகளைக் கழிக்கத்தான் சார் துடைப்பத்தை ஓட்டினேன். எந்த ஃபோல்டர்னு சந்தேகம். அதான் ஒத்திகை போட்டேன்.”

துடைப்பம் என்பது வேண்டாத கோப்புகளை அழிக்கும் நிரல். முதலாளியின் மாப்பிள்ளை எழுதியது. கட்டளையோடு ‘ஒத்திகை’ என்று சேர்த்தால் எதையும் அழிக்காது. எவை அழியும் என்று காட்டும். கையேடு அப்படித்தான் சொன்னது.

9.40. சேதி கேட்டு, மாப்பிள்ளையோடு முதலாளியின் அக்கா வந்தார். காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் அவருக்குக் கொக்கி என்று பெயர்.

“என்ன அடிச்சேன்னு காட்டும்மா.”

திரையில் கட்டளை அப்படியே இருந்தது. மூலையில் சிவப்பு எழுத்து: கணினி வட்டில் இடமில்லை.

“எழுத்துப் பிழை இருக்கும், பெரியம்மா” என்றார் மாப்பிள்ளை.

“பிழை இருந்தா துடைப்பம் என்ன செய்யும்?”

“ஓடாது. அப்படி ஒரு ஆப்ஷனே இல்லைன்னு சொல்லும்.”

“அது அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கீங்களா?”

“பார்க்கணுமா? கையேட்டுல இருக்கே.”

கொக்கி கையேட்டையும் திரையையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். பிழை இல்லை.

“சும்மா ஒரு ஃபோல்டர் போடும்மா. உள்ளே ஏதாவது வை. ஒத்திகைக்குப் பதிலா வெங்காயம்னு அடி.”

துடைப்பம் சத்தமின்றி ஓடியது. ஃபோல்டர் காலி.

முதலாளி சிரித்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

“வெங்காயத்துக்கும் தலையாட்டுது, ஒத்திகைக்கும் தலையாட்டுது. ரெண்டுமே அதுக்குத் தெரியாது” என்றார் கொக்கி. “ஒத்திகையை நீங்க எழுதவே இல்லை, மாப்பிள்ளை.”

மாப்பிள்ளையின் காது சிவந்தது. “மாமாகிட்ட காட்டணும்னு கையேட்டை முதல்ல எழுதிட்டேன். ஒத்திகையை அப்புறம் சேர்க்கலாம்னு... தெரியாத ஆப்ஷனைக் கண்டுக்காம விட்டது தற்காலிக ஏற்பாடு.”

“எத்தனை வருஷத் தற்காலிகம்?”

முதலாளி குறுக்கே வந்தார்.

“சரிக்கா, பொண்ணு மேல தப்பில்லை. நாவல் போச்சே!”

“எங்கேடா போச்சு? நாற்பது அத்தியாயம் அழிஞ்ச பிறகும் இடமில்லைன்னு மெஷின் அழுதுட்டிருக்கு பாரு. நிஜமா அழிஞ்சிருந்தா இடம் வந்திருக்கணுமே. கையேட்டுல இருக்கறதைச் செய்யாத நிரல், இல்லாததையும் செய்யும்.”

மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார். “அழிக்கப் பயந்து, ஒளிச்சு வைக்கற மாதிரி எழுதினேன். கையேட்டுல சேர்க்க மறந்தேன். அப்புறம் நானே மறந்துட்டேன்.”

மறைவான ஃபோல்டர் ஒன்றில் நாற்பது அத்தியாயங்களும் பத்திரமாக இருந்தன.

முதலாளி தொண்டையைச் செருமினார். “நாளைக்கு வழக்கம்போல வந்துடும்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

“வர்றேன் சார்.” அவள் நாவலை அனுப்பிவிட்டு, கையேட்டை மாப்பிள்ளை முன் வைத்தாள். “நீங்க ஒவ்வொண்ணா படிங்க. நான் அடிச்சுப் பார்க்கறேன்.”

கொக்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை படித்தார். அவள் அடித்தாள். மூன்றாவது ஆப்ஷனில் அவர் குரல் நின்றது.

“இது வேண்டாம்மா. இதையும் எழுதலைன்னு எனக்கே தெரியும்.”