ஒன்றரை மணி நேரம் நின்ற ஜீப்

மாலை 6.05.

தம்பியை முதலில் பார்த்தது அக்காதான். மேட்டில், சரிவு தொடங்கும் கொட்டகை வாசலில் நிற்க வேண்டிய பழைய ஜீப், சிமென்ட் சரிவின் அடியில் மதில் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே, தண்ணீர்ப் பீப்பாயின் மறைவில், ஐம்பத்திரண்டு வயதுத் தம்பி உட்கார்ந்த வாக்கிலேயே நசுங்கி இறந்திருந்தார். பக்கத்துத் தட்டில், கழற்றிய பழைய கியர் சக்கரங்கள் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன.

அக்கா உள்பக்கம் தாழிட்டிருந்த கேட்டைத் திறந்துகொண்டு ஓடி, எதிர்வீட்டுத் தையல்காரரைக் கூப்பிட்டாள்.

மாலை 6.40.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தாள். அந்த ஸ்டேஷனில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ரகம். எதையும் நேரம் போட்டு எழுதிவைப்பதும் அதனால்தான். தன் ஞாபகத்தின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அன்றும் எழுதினாள். மேட்டில் இரும்புக் குழாய் முக்காலி, அதிலிருந்து தொங்கும், கனம் தூக்கும் செயின் பிளாக். கொட்டகைக்குள் உயரம் போதாததால் வெளியே வைத்து வேலை பார்த்திருக்கிறார்கள். ஜீப்பில் சீட் இல்லை, தரைத்தகடும் இல்லை. ஹேண்ட்பிரேக் இறங்கிக் கிடக்கிறது. கொட்டகைச் சுவர் ஓரம், சக்கரத்துக்கு அடை கொடுக்கும் இரண்டு முட்டுக்கட்டைகள், வீட்டுக்குள் போகுமுன் கழற்றி வைத்த செருப்பு மாதிரி, ஜோடியாக.

தையல்காரர் தன் பங்குக்கு ஒரு நேரம் கொடுத்தார். ஐந்து முப்பத்தைந்துக்கு ஒரு இடி, மிஷின் மேலிருந்த நூல்கண்டு உருண்டு விழுந்ததாம். ஏதோ லாரி என்று நினைத்தாராம்.

கூட வந்த ஏட்டுக்கு எல்லாமே விளங்கிவிட்டது. ஏட்டுக்கு எப்போதுமே முதல் பத்து நிமிஷத்தில் விளங்கிவிடும்.

"மெக்கானிக் கட்டை வைக்க மறந்துட்டான் மேடம். இவரு ஏதோ வேலையா ஹேண்ட்பிரேக்கை எறக்கியிருக்காரு. வண்டி உடனே அசையல. நம்ம பாட்டுக்குக் கழுவலாம்னு கீழ வந்து உக்காந்திருக்காரு. அது பின்னாடியே வந்துருச்சு."

அறுபதைத் தொட்ட அக்கா கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அக்காவும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பியும் செய்துகொள்ளவில்லை. பெற்றவர்கள் போனபிறகு இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் இரண்டே பேர். அவள் சொன்னதன் சுருக்கம் இது: நாலு மணிக்கு மெக்கானிக் ஏதோ குழாய்களைக் கழற்றி எடுத்துப் போனான். அவள் கொல்லைப்பக்கத்துச் சமையலறையில் இருந்தாள். சத்தம் கேட்டது, பெரிதாக நினைக்கவில்லை. ஆறு மணிக்குத் தம்பியை டீ குடிக்கக் கூப்பிடலாம் என்று போனாள். வேலை முடிந்ததும் ஒரு நாள் மலைக்குப் போய்வர அவன் ஆசைப்பட்டான், அவ்வளவுதான்.

பிறகு கேட்காமலே சொன்னாள்:

"அப்பா வாங்கின வண்டிம்மா அது. எங்க நிறுத்தினாலும் ஹேண்ட்பிரேக் இழுக்கறது என் வேலை. அது பிடிச்சுட்டா பூமியே சாஞ்சாலும் வண்டி நகராது. அதைப் போய் எதுக்கு எறக்கினானோ."

சமையலறையில் டீப் பாத்திரம் காலி. தொட்டியில் அடியில் வண்டல் படிந்த ஒரே ஒரு டம்ளர். அதையும் சப்-இன்ஸ்பெக்டர் எழுதினாள். ஏன் எழுதுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மாலை 7.30.

மெக்கானிக்கை ஊரில் எல்லாரும் டாப்கியர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வாக்கியம் முடிக்க அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இன்னொருவர் சாப்பிட்டு எழுந்துவிடலாம்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து அவர் தன் வேகத்தில் எல்லாவற்றையும் சொன்னார். ஜீப்பின் சொந்த கியர்பாக்ஸில் மூன்றே கியர், முதல் கியரே செங்குத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கும். அதனால் ஜீப்பைவிடப் பழைய, ஒரு லாரியின் நாலு கியர் பெட்டியைத் தேடிப் பிடித்தார்கள். அதன் முதல் கியரில் வண்டி மனிதன் நடக்கிற வேகத்தில் போகும், ஆனால் சுவரில்கூட ஏறும். இன்ஜினும் அந்தப் பெட்டியும் ஒன்றோடொன்று சேராது என்பதால் நடுவே ஒரு கனத்த தகடு கடைந்து போட்டார்கள். ஹேண்ட்பிரேக் டிரம் கியர்பாக்ஸ் தொகுதியின் வாலில் இருப்பது. அது திரும்ப ஒழுங்காக உட்காருமா என்று இரண்டு பேருக்கும் பயம், உட்கார்ந்துவிட்டது. பெட்டி ஒரு சாண் நீளம் கூடியதால், அங்கிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும், குழாய் போன்ற இரண்டு ஷாஃப்டும் அளவு தப்பின. பின்னதை வெட்ட வேண்டும், முன்னதை நீட்ட வேண்டும். இரண்டையும் கழற்றி, நாலு மணி ஐந்து நிமிஷத்துக்கு லேத் பட்டறைக்காரரின் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

"கட்டை வெச்சீங்களா?"

"வெச்சேன் மேடம். பின் சக்கரம் ரெண்டுக்கும்."

தன் உள்ளங்கைகளைப் புரட்டிப் பார்த்தார்.

"வெச்சேன்னுதான் நினைக்கிறேன். எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமா இருக்கு. அவரு எனக்கு ஒரே சிநேகிதன் மேடம். நான்தான் கொன்னுட்டேனோ?"

இன்ஸ்பெக்டர் போனில் சுருக்கமாகப் பேசினார். கவனக்குறைவால் மரணம், காலை பத்து மணிக்குள் மெக்கானிக் மேல் கைது எழுதி அனுப்பு. எழுதிவிட்டால் மெக்கானிக்கின் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அதைவிட மோசம், அந்த மனிதர் மிச்ச ஆயுளுக்கும் அந்தக் கட்டைகளை வைத்தேனா வைத்தேனா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தக் கேள்வி எப்படி அரிக்கும் என்று சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரியும்.

காலை 7.30.

உடலை எடுப்பதற்காக ஜீப்பை ஓரடி முன்னே தள்ளிக் கல் கொடுத்து வைத்திருந்தார்கள். அவள் ஏறி நின்று ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் கடைசிப் பல்வரை இழுத்தாள். முதல் கியரையும் போட்டாள்.

"ஏட்டண்ணே, கல்லை எடுத்துட்டுப் பின்னால தள்ளுங்க."

"பிரேக்கும் போட்டு கியரும் போட்டா எப்படி மேடம் நகரும்? எனக்கு ஏற்கெனவே இடுப்பு சரியில்ல."

கல்லை எடுத்ததுதான் தாமதம். அவர் கை வைக்கவே இல்லை. ஜீப் சத்தமில்லாமல் உருண்டுபோய்ச் சுவரில் மோதி நின்றது.

ஏட்டு எடுத்த கல்லைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவள் இறங்கிக் குனிந்து அடியில் பார்த்தாள். ஷாஃப்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம்.

காலை 9.00.

லேத் பட்டறைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, நேற்று இறந்தவரும் தங்களோடு வண்டியில் ஏறி வந்தாராம். தெருமுனை தாண்டியதும், வெளிச்சம் இருக்கும்போதே பழைய கியர் சக்கரங்களைக் கழுவிவிடலாம் என்று இறங்கித் திரும்பி நடந்தாராம். மெக்கானிக் நாலரை முதல் ஆறரை வரை இவர் கண்ணெதிரேதான் இருந்தார்.

இறந்தவரைப் பற்றிய இரண்டாவதைக் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்.

"மலை மேல ஒரு பங்களாவுக்குக் காவல் வேலை கிடைச்சிருக்கு அவருக்கு. ஜீப் பின்னாடி கட்டில் போட அளவுகூட எடுத்துட்டாரு. திரும்பி வர்ற எண்ணமே இல்ல. அக்காகிட்ட சொல்லியாச்சான்னு நேத்து கேட்டேன். இன்னிக்குக் காலையிலதான் சொன்னேன், அவ ஒரு வார்த்தை பேசலன்னாரு."

காலை 9.40.

அக்கா அதே நாற்காலியில், அதே நுனியில் உட்கார்ந்திருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் எதிரே உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். குரல் நடுங்கிவிடுமோ என்று பயம். அதனால் மெதுவாகவே பேசினாள்.

"ஹேண்ட்பிரேக் பிடிக்கிறது சக்கரத்தை இல்லம்மா, ஷாஃப்டை. நேத்து நாலு மணிக்கு ஷாஃப்ட் ரெண்டும் வெளிய போயாச்சு. அதுக்கப்புறம் அந்த பிரேக்கை இழுத்தாலும் ஒண்ணுதான், எறக்கினாலும் ஒண்ணுதான். மெக்கானிக் கட்டை வைக்க மறந்திருந்தா, நாலு அஞ்சுக்கே வண்டி கீழ போயிருக்கும். அது அஞ்சு முப்பத்தஞ்சு வரைக்கும் நின்னுது. அந்த ஒன்றரை மணி நேரமும் அதைப் பிடிச்சுட்டிருந்தது கட்டை மட்டும்தான்."

ஏட்டு குறுக்கிட்டார். கட்டையை இறந்தவரே எடுத்திருக்கலாமே?

"எடுத்த நொடியே வண்டி உருளும். அவர் இருபது அடி கீழ, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கட்டை மேல, சுவரோரமா ஜோடியா இருந்தது." அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். "ஹேண்ட்பிரேக்தான் வண்டியைப் பிடிக்குதுன்னு நம்பின ஒருத்தர்தான் முதல்ல அதை எறக்கியிருக்கார். மெக்கானிக்குக்கும் உங்க தம்பிக்கும் அது வீண்னு தெரியும். எறக்கியும் வண்டி நகராததால, அப்புறம் கட்டையை உருவியிருக்கார். கேட் உள்பக்கம் தாழ். உள்ள இருந்தது ரெண்டே பேர்."

அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னொண்ணும் எழுதிவெச்சிருக்கேன்மா. நேத்து நீங்க ஒருத்தருக்குத்தான் டீ போட்டிருக்கீங்க. தம்பி அவங்களோட வண்டியில ஏறினதைப் பார்த்தீங்க, திரும்பி வந்ததைப் பார்க்கல. பீப்பாய்க்குப் பின்னால அவர் இருந்தது உங்களுக்குத் தெரியாது."

அக்கா முந்தானையை விரலிலிருந்து அவிழ்த்தாள்.

"வண்டி நொறுங்கட்டும்னு நினைச்சேன். நொறுங்கினா இன்னும் ஆறு மாசம் ஆகும்ல சரிபண்ண. ஆறு மாசம் இருப்பான்ல." மூச்சு விட்டாள். "மோதின சத்தம் கேட்டு மனசு குளுந்துபோச்சும்மா எனக்கு. உள்ள வந்து டீ போட்டு உக்காந்து குடிச்சேன். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த டீ நல்லா இருந்துச்சு."

டாக்டரின் முதல்நிலை அறிக்கை நோட்டுக்குள் மடித்து இருந்தது. மோதிய பிறகு பத்து நிமிஷமாவது உயிர் இருந்திருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. சொல்லாமல் விடுவது சரியா என்று தெரியவில்லை. கோர்ட்டில் எப்படியும் யாராவது படித்துச் சொல்வார்கள். இன்றைக்கு வேண்டாம் என்று மட்டும் தோன்றியது.

ஏட்டை வாசலுக்கு அனுப்பி ஸ்டேஷனுக்கு போன் போடச் சொன்னாள். மெக்கானிக்கை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கட்டைகளை அவர் வைத்தார், இரண்டையும் வைத்தார் என்று இந்த வார்த்தைகளிலேயே அவரிடம் சொல்ல வேண்டும்.

அக்கா எழுந்து அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்தாள். ஜன்னல்களைச் சாத்தினாள். வாசலுக்கு வந்து கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியோடு படியில் நின்றாள்.

"சாவியை யார்கிட்டம்மா குடுக்கறது?"

ஏட்டு தெருவைப் பார்த்தார். தையல்காரர் வீட்டு ஜன்னல் சாத்தியிருந்தது. அக்கா கேட்டது உண்மையாகவே தெரியாமல்தான். பதில் வரும் என்று காத்து நின்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிவிட்டுக் கையை நீட்டினாள்.